பாடத்தில் இல்லாத பல்வலி

“உனக்கு மனப்பாடம் மட்டும்தான் வரும். ஒரு நோயாளியை எதிரில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாமல் முழிப்பாய்.”

திருப்பதியில் நர்சிங் முதலாண்டு படித்தபோது எங்கள் மேடம் வகுப்பு முழுவதும் கேட்க, தெலுங்கில் எனக்குச் சொன்னது இது. முகம் சுட்டது. ஆனால் தலை குனியவில்லை. நகரிப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நடும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டில் விளக்கம் சொல்ல யாருமில்லை. பக்கம் பக்கமாக விழுங்கித்தான் அந்த வகுப்பு வரை வந்திருந்தேன்.

அந்தச் சொல்லைச் சோதிக்க எனக்கு வாய்த்த நோயாளியோ, உலகத்திலேயே நம்பத் தகாத நோயாளி. மனித உடம்பின் பதினோரு மண்டலங்களிலும் நோய் வந்து, ஒன்றுக்குக்கூட மருந்து தேவைப்படாத ஒரே மனிதர். எங்கள் விடுதிச் சமையல்காரர். கார்வேட்டிநகரத்துக்காரர். பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் ‘சிலபஸ் அண்ணா’.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. ஒரு பாதியில் அந்த வாரத்து மெனு, மறுபாதியில் அந்த வாரத்துப் பாடம். நாங்கள் மெனுவைப் படிப்போம். அவர் பாடத்தைப் படிப்பார். நாங்கள் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பதால், பரிமாறும் ஜன்னல் வழியே அறிகுறிகள் எல்லாம் அவர் காதுக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமைக்குள் நோய் வந்துவிடும்.

சுவாச மண்டலம் நடந்த வாரம் மிளகாய் தாளிக்க மாட்டேன் என்றார். “நெடி உள்ள பூந்து குட்டிக் குட்டிப் பையில ஒட்டிக்கினா யாரு கழுவறது?” ஒரு வாரம் தாளிக்காத சாம்பார் குடித்தோம். சிறுகுடல் இருபது அடி நீளம் என்று கேட்ட அன்று, கிணற்றுக் கயிற்றை எடுத்துத் தரையில் அளந்து பார்த்தார். “இம்மாந்தூரம் ஒரு இட்லி தனியா போய்க்கினு கீதே!” என்று கலங்கி, இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தார். கருப்பைப் பாடத்தின்போது மேடம் பலகையில் எதையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியும் புதன்கிழமை காலை ஜன்னலில் தலை நீட்டி, “இன்னான்னு தெரியலம்மா, புளிப்பா எதனா துன்னணும் போலவே கீது” என்றார்.

இதயம் நடந்த வாரம் மூன்று முறை நெஞ்சைப் பிடித்தார். மூன்று முறையும் சீனியர் அக்காக்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக் கேஷுவாலிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று முறையும் ஈசிஜி பழுதில்லாமல் வந்தது. டியூட்டி டாக்டர் மேடத்துக்குப் போன் செய்து கத்தினார். மேடம் எங்களை வரிசையில் நிறுத்தினார். “இனி இந்த ஆளை எவள் அங்கே கூட்டிப் போகிறாளோ, அவளுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது.”

அதற்கு இரண்டு மாதம் கழித்து, சிறுநீரக மண்டலத்தில் செய்முறைத் தேர்வு. காலை ஒன்பது மணிக்கு. அதில் தவறினால் அந்த வருடமே போச்சு; உதவித்தொகையும் நின்றுவிடும். எட்டு மணிக்குத் தட்டோடு ஜன்னலுக்குப் போனேன்.

“இன்னாண்ணா, கிட்னி எப்படி கீது?” என்றேன், வழக்கமான கிண்டலாக.

“கிட்னிக்கு இன்னா, நல்லாதான் கீது. இந்தப் பல்லுதான் விடிஞ்சதுலேர்ந்து நோவுது.”

சிரித்துக்கொண்டே இரண்டடி நடந்தவள் நின்றுவிட்டேன். பல்லா? இந்த வாரப் பாடத்தில் பல் இல்லையே. போன வாரத்திலும் இல்லை. அந்த மனிதர் ஒரு நாளும் பாடத்தை மீறியதில்லை.

திரும்பிப் போனேன். “எந்தப் பல்லு?”

“எதுன்னு தெரியல. தாடை மொத்தமும். உடும்மா, பரீட்சைக்கு நேரமாவுது.”

சட்னிக் கிண்ணத்தை வாங்கும்போது அவர் விரல் என்மேல் பட்டது. மூன்று மணி நேரமாக அடுப்படியில் நின்றவர் கை, கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்றிருந்தது. நெற்றியைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி வியர்த்தது. இடது கையைத் தொங்கவிட்டு, வலது கையாலேயே எல்லாம் செய்தார்.

மனப்பாடம் செய்த பக்கம் வரி மாறாமல் கண்முன் வந்தது: தாடை, இடது கை, குளிர்ந்த வியர்வை. ஆனால் அந்தப் பக்கத்தை அவரும்தானே கேட்டிருக்கிறார்? மூன்று முறை நடித்தாரே?

காளஹஸ்திக்காரி ரேவதி, என் அறைத்தோழி, கையைப் பிடித்து இழுத்தாள். “பைத்தியமா உனக்கு? பல்லு வலிக்குதுன்னு கேஷுவாலிட்டிக்கா? மேடம் கொன்னுடுவாங்க, பதா, போலாம்!”

மேடத்துக்குப் போன் போட்டேன். “கிராம்பு வைத்துக் கடிக்கச் சொல். நீ ஒன்பது மணிக்கு இங்கே இரு” என்று வைத்துவிட்டார்.

எட்டு இருபது. சமையலறைக்குள் போய் கேஸை அணைத்தேன்.

“யம்மா, சாம்பார் இன்னும் கொதிக்கலம்மா!”

“கெடக்கட்டும். வாண்ணா.”

அவர் முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் கூட வந்தார். அதுதான் எனக்கு அதிகப் பயம். ஒரு தும்மலுக்கே ஊரைக் கூட்டுகிற மனிதர்.

ஆட்டோ இரண்டு தெருதான் போயிருக்கும். எதிரில் மலைக்குப் போகிற வண்டிகளும், மொட்டை போட்டுத் திரும்புகிற குடும்பங்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவர் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தேன். எண்ணிக்கை கைக்குள் நிற்கவில்லை. நான்கு துடிப்பு, ஒரு இடைவெளி, இரண்டு, மறுபடி இடைவெளி. மணி எட்டு நாற்பது.

“மார்க்கு பூடும்மா உனக்கு,” என்றார், கண்ணை மூடிக்கொண்டே. “எறங்கிப் போ. நான் ஒத்தையா போய்க்கிறேன்.”

“பேசாம இருண்ணா.”

“ஹார்ட்டான்னு பாக்குறியா? அதான் ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சிபோன பாடமாச்சே...”

அவர் தலை என் தோளில் சாய்ந்தது. ஆட்டோக்காரரிடம் நான் தெலுங்கில் போட்ட கூச்சல் எனக்கே புதிது. வண்டி நடைபாதையில் ஏறிப் போனது.

கேஷுவாலிட்டியில் அதே டியூட்டி டாக்டர். எங்களைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். “மறுபடியுமா? இன்று என்ன?” பல்வலி என்று சொன்னேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். “ஒரே ஒரு ஈசிஜி சார். நன்றாக வந்தால் நானே படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன்” என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை. என் அப்பா, நைனாவின் முகம் ஒரு நொடி வந்து போனது.

காகிதம் நகர்ந்து வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். ஸ்ட்ரெச்சரைக் கேட்டுக் கத்தினார். இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக் குழாய் அடைத்திருந்தது.

கதவு மூடியபோது சுவரில் மணி ஒன்பது பத்து. நான் பெஞ்சில் உட்கார்ந்து, பதினோரு மண்டலங்களையும் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அதுதான்.

மதியம் மேடம் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து எனக்கு மட்டும் தனியாகத் தேர்வு வைத்தார். பாடம் சிறுநீரகம். முதல் கேள்வி: “தாடை வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் என்னென்ன பார்ப்பாய்?” நூற்றுக்கு எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை; கேட்கிறவர்களுக்குப் பொறாமை வரும்.

கண் விழித்த சிலபஸ் அண்ணா முதலில் கேட்டது, “அந்த சாம்பாரை யாரு எறக்குனது?”

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு ஊரில் இருக்கிறார். திங்கட்கிழமைதோறும் போன் வரும். நான் இப்போது சம்பளம் வாங்குகிற நர்ஸ் என்று எத்தனை முறை சொன்னாலும், கேள்வி ஒன்றுதான்.

நேற்றும் வந்தது. இதய நோய்ப் பிரிவுக்கான சிறப்புப் பயிற்சியில் சேர்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். கையில் புதுப் புத்தகம். முதல் பாடமே மாரடைப்பு.

“படிக்கப் போறியாமே! ரேவதி சொல்லிச்சி. இந்த வாரம் இன்னா பாடம்மா?”

புத்தகத்தை மூடிக்கொண்டேன்.

“இந்த வாரம் லீவுண்ணா.”