கயிற்றுக்கு இந்தப் பக்கம்

என் மகளைப் போட்டி அணியில் சேர்த்தே தீருவது என்று லிஃப்டில் முடிவெடுத்தேன். நான்காவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் இடையில் எடுத்த முடிவு. அது எப்படிப் போய் முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் கூடவே லிஃப்டில் ஏறினார். தோளில் ஒரு வலைப்பை, அதற்குள் மூன்று கால்பந்துகள். தன் மகன் போட்டி அணியில் ஆடுவதைச் சொல்லிவிட்டு, என் மகள் எந்தப் பிரிவு என்று கேட்டார். அவர் முன்னால் மட்டும் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். தொழில் ராசி. “இந்த வருஷம் போட்டி அணிக்குத் தேர்வாயிட்டா” என்று சொல்லிவிட்டேன்.

பச்சைப் பொய். எங்கள் பகுதி விளையாட்டுக் கழகத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று பொழுதுபோக்குப் பிரிவு. வாரத்தில் ஒரு நாள் பயிற்சி, ஒரு நாள் ஆட்டம். நன்றாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் பாதி ஆட்டம் உண்டு. யார் ஜெயித்தார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இன்னொன்று போட்டி அணி. அதற்குத் தேர்வு உண்டு. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, வெளியூர் ஆட்டம், சுமாராக ஆடினால் ஓரமாக உட்கார வேண்டியதுதான். பத்து வயதான என் மகள் போன வருடம் முழுக்க முதல் பிரிவில் சிரித்துக்கொண்டே ஆடினாள். சிரித்துக்கொண்டே ஆடுவது எனக்கு ஒரு குறையாகவே பட்டது.

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “அடடா, அப்போ அடுத்த மாசத்துலேருந்து ஒரே கார்ல போயிடலாம். எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு” என்றார். அவர் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று மாலை மனைவியிடம் பேச்சைத் தொடங்கினேன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுபவளுக்கு என் முகமெல்லாம் அச்செழுத்து.

“நம்ம பொண்ணு போட்டி அணிக்குப் போனா என்ன?”

“அவளைக் கேட்டீங்களா?”

“பத்து வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்?”

“கேட்டாத்தானே தெரியும்.”

“நான் காலேஜ்ல ஆடினவன். எனக்குத் தெரியாதா?”

“நீங்க காலேஜ்ல பந்துக்குக் காத்தடிச்சவரு. உங்க அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள். என் வீட்டில் எதிர்த்தரப்பு மௌனமானால் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது வழக்கம். பன்னிரண்டு வருட வழக்கம், இன்னும் விடவில்லை.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கழகத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரண்டாம் தேர்வு. யார் ஒட்டினார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவிடம் ஷூ வாங்கப் போகிறோம் என்று சொல்லச் சொன்னேன்.

“பொய் சொல்லணுமாப்பா?”

“பொய் இல்லம்மா. முழுசாச் சொல்லாம இருக்கோம், அவ்வளவுதான்.”

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு முதல் கூச்சம் வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். மனைவி இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் கொடுத்தனுப்பினாள். ஷூக் கடைக்குத் துண்டு எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மைதானத்தில் ஓரமாக ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தார்கள். பயிற்சியாளர் ஒரு பெண்மணி. கழுத்தில் விசில், கையில் தாள்கள் செருகிய அட்டை. பெற்றோர் எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை வரக் கூடாது என்றார். நான் எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. மகள் நன்றாகத்தான் ஓடினாள். பந்து அவள் காலுக்கு வந்தது. அவள் வலப்பக்கம் திரும்பினாள். எனக்குள் இருந்த காற்றடிப்பவன் விழித்துக்கொண்டான்.

“இடது பக்கம்! இடது பக்கம் போ! அங்க யாரும் இல்ல பாரு!”

அவள் நின்றுவிட்டாள். பந்தை ஒரு சிறுமி சுலபமாக எடுத்துக்கொண்டு போனாள். நான் விடவில்லை. துரத்து என்றேன், குனியாதே என்றேன், நடுவரைப் பார்த்து அது தப்பு என்றேன். பத்துப் பதினைந்து குழந்தைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் மகள் மட்டும் பார்க்கவில்லை. குனிந்து, அவிழாத ஷூக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

அப்போதுதான் வாயை மூடினேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சோதிக்கிறவன் நான். பெற்ற பெண் என்னைப் பார்த்து வெட்கப்படுவது அத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை.

பயிற்சியாளர் கயிற்றருகே வந்தார். நான் முந்திக்கொண்டு, என் மகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் கண்டிப்பாகத் தேர்வாவாள் என்றேன்.

“அவ போன மாசமே தேர்வாயிட்டா சார். அவங்க அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க.”

நான் லிஃப்டில் சொன்ன பொய் உண்மையாக இருந்திருக்கிறது. என் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையைக்கூடப் பொய் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறேன்.

“அப்புறம் ஏன் சேரல?”

அவர் அட்டையிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். குழந்தைகள் தாங்களே நிரப்ப வேண்டிய தாள். எந்தப் பிரிவில் சேர விருப்பம், ஏன் என்று கேட்டிருந்தது. கீழே என் மகளின் குண்டு எழுத்து. ‘போட்டி அணி ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்பா வந்து கத்துவார். அதனால் வேண்டாம்.’

இரண்டு முறை படித்தேன். தூரப் பார்வை, கிட்டப் பார்வை எதிலும் குறையில்லை. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

“இடத்தை அவளுக்காக வெச்சிருக்கோம். உங்களை ஒரு தடவை சோதிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க. இன்னிக்குத் தேர்வு அவளுக்கு இல்ல சார், உங்களுக்கு” என்றார் அவர். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, “வாய் தாங்கினது நாலு நிமிஷம்” என்று எழுதிக்கொண்டார்.

தோற்ற அப்பாக்கள் எங்கே போக வேண்டும் என்றும் காட்டினார். கார் நிறுத்துமிடம். அங்கே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு காரில் தனியாக உட்கார்ந்திருந்தார் பல் டாக்டர். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு வருடமாக, மகன் ஆடும்போதெல்லாம் அங்கேதான் உட்காருகிறாராம். மகன் போட்ட கோல் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையாம்.

வீடு திரும்பும் வழியில் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். கத்தியதற்கு ஒன்று, பொய் சொல்லச் சொன்னதற்கு ஒன்று. அவள் பரவாயில்லைப்பா என்றாள். அது இன்னும் வலித்தது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் திட்டமிட்டு வைத்திருந்தாள். பெண் போட்டி அணியில் சேர்வாள், அம்மா கூட்டிப் போவாள். நான் கயிற்றோரம் நின்று பார்ப்பேனா, காரில் உட்காருவேனா என்பது மட்டும்தான் பாக்கி. அதற்கு இப்போதே மறுதேர்வு என்றாள். கூடத்து நாற்காலிகளை நகர்த்தினாள். துணி காயப்போடும் கயிற்றை என் முன்னால் கட்டினாள். சமையலுக்கு நேரம் வைக்கும் மணியைத் திருகி மேசைமேல் வைத்தாள். மகள் பந்தை உருட்டத் தொடங்கினாள்.

எனக்கு அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். அதற்காக எதையும் தாங்கத் தயாராக இருந்தேன். பந்து சோபாவுக்கு அடியில் போனது. பேசவில்லை. என் கண்ணாடிமேல் பட்டது. பேசவில்லை. இடது பக்கம் காலியாகக் கிடக்க அவள் வலது பக்கமே போனாள். உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒருமுறை ஒற்றைக் காலால் பந்தை இழுத்து அழகாகத் திரும்பினாள். யாரும் சொல்லித்தராத திருப்பம். எனக்குக் கண் கலங்கியது. அப்போதும் பேசவில்லை.

இருபதாவது நிமிடம் மணி அடித்தது. கயிற்றைத் தாண்டிக் குதித்தேன். மகளைத் தூக்கிக்கொண்டேன். “பாத்தியா, ஜெயிச்சுட்டேன். ஒரு வார்த்தை பேசினேனா? இனிமே இடது பக்கம் காலியா இருந்தாக்கூட வாயே திறக்க மாட்டேன்” என்று வீடு அதிரக் கத்தினேன்.

மனைவி மணியை எடுத்து மறுபடி திருகினாள்.

“ஆட்டம் நாப்பது நிமிஷங்க. இது இடைவேளை.”