ஒரு நாள்கூட லீவு போடாதவள்

ஆணும் பெண்ணும் சமம் என்று மேடையில் முழங்கியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அதை மூன்று தசம இடங்கள்வரை துல்லியமாக நிரூபித்துக் காட்டியது அந்தக் கல்லூரி ஒன்றுதான். மாணவர்கள் 614. மாணவிகள் 614. வகுத்தால் 1.000. அந்த எண்ணைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வாசலில் மாட்டியிருந்தார்கள். காவலாளி தினமும் இரண்டு வேளை அதைத் துடைத்தார்.

இந்தச் சாதனையின் ஆணிவேர் அலுவலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தது. இயற்பியல் பட்டதாரி, தற்காலிக ஊழியர். புள்ளிவிவரப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். அதனால் அவள் பெயரே 'புள்ளி' ஆகிவிட்டது. அதிகம் பேசமாட்டாள். சொல்ல வேண்டியது வாய்வரை வரும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பிவிடுவாள். அதற்கென்றே பெரிய பாட்டில் வைத்திருந்தாள்.

சாதனையின் வழி எளியது. படிப்பை விட்டுப் போன பையன்களின் பெயரை அன்றைக்கே அடித்துவிடுவார்கள். கல்யாணமாகிப் போன பெண்களின் பெயரைத் தொடமாட்டார்கள். "போன பொண்ணோட பேரை அடிக்கிறது பெண்மைக்கே அவமானம்" என்பது கல்லூரி முதல்வரின் கொள்கை. இப்படி 'மதிக்கப்பட்ட' பெண்கள் நாற்பத்தேழு பேர். தொடர்ந்து ஒரு மாதம் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும் என்று ஒரு பொல்லாத விதி இருந்தது. ஆகவே புள்ளி தினமும் காலையில் பதிவேட்டைத் திறந்து, நாற்பத்தேழு பேருக்கு நேராகவும் 'வந்தாள்' என்று எழுதுவாள். தேர்வு எழுதினார்களா என்பது பல்கலைக்கழகத்தின் கவலை. கல்லூரியின் பெருமை சேர்க்கையோடு முடிந்துவிடும்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சமத்துவத்துக்கான பதக்கத்தோடு ஆய்வுக் குழு வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, நாற்பத்தேழு பேரில் ஒருத்தி நிஜமாகவே வந்துவிட்டாள். அவளை இனி 'வந்தவள்' என்றே சொல்லலாம். பதிவேடும் தினமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"மேடம், மூணு வருஷம் முன்னால வேதியியல் சேர்ந்தேன். ரெண்டே மாசத்துல கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க. திரும்ப முதல் வருஷத்துலேர்ந்து படிக்கணும். மாமியார் இப்பதான் சரின்னு சொல்லியிருக்காங்க. அவங்க மனசு மாறுறதுக்குள்ள சேர்ந்துடணும்."

புள்ளி பதிவேட்டைப் புரட்டினாள்.

"நீங்க இப்ப மூணாம் வருஷம்."

"நானா?"

"நேத்துகூட வந்திருக்கீங்க."

"நேத்து நான் வீட்ல துணி துவைச்சுட்டு இருந்தேன் மேடம்."

புள்ளி தண்ணீர் குடித்தாள்.

முதல்வர் அறையில் அவசரக் கூட்டம் கூடியது. முதல்வர், அலுவலகக் கண்காணிப்பாளர், புள்ளி. வந்தவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"உன்னை முதல் வருஷத்துல சேர்க்கணும்னா மூணாம் வருஷத்துலேர்ந்து அடிக்கணும்மா" என்றார் முதல்வர். "ஏன் அடிச்சோம்னு எழுதணும். எழுதினா, மத்த நாற்பத்தாறு பொண்ணுங்க கதி என்ன ஆகும்?"

"அவங்களையும் கூப்பிடுங்க சார். பாதிப் பேராவது வருவாங்க."

"வருவாங்களா!" முதல்வர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"லேப்ல அவ்வளவு ஸ்டூல் கிடையாது சார்" என்றார் கண்காணிப்பாளர். "பேருக்கு ஸ்டூல் வேண்டாம். ஆள் வந்தா வேணும்."

"அப்ப பழைய பேரை அடிக்காமலே சேர்த்துக்கோங்க சார்."

"615 ஆயிடுமே! அது ஆண்களுக்குச் செய்யற அநீதி இல்லையா? வாசல்ல பித்தளையில பாத்தியா, இல்லையா?"

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். அவர் எதையும் அறிவியல்பூர்வமாக யோசிப்பவர். "இன்னொண்ணும் இருக்கும்மா. மூணு வருஷமா நீ ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. நேர்ல வர ஆரம்பிச்சா பஸ் வரலை, மாமியாருக்குக் காய்ச்சல்னு லீவு விழும். வருகை சதவீதம் இறங்கிடும். இப்படியே இரு. நல்லாப் படிச்சுட்டு இருக்கே, ஏன் கெடுத்துக்கறே?"

வந்தவள் புள்ளியைப் பார்த்தாள். புள்ளி பாட்டிலைத் திறந்தாள்.

"முடிவை வெள்ளிக்கிழமை வந்து தெரிஞ்சுக்கோ" என்றார் முதல்வர், அவளை அனுப்பினால் போதும் என்று.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவும் வந்தது, வந்தவளும் வந்தாள். குழுவை வாசலில் பூங்கொத்து நிறுத்தியது. வந்தவளைக் காவலாளி நிறுத்தினார்.

"கார்டு எங்க?"

"இன்னும் தரலைங்க. ஆனா உள்ள ரிஜிஸ்டர்ல நான் இருக்கேன்."

"அதான் உள்ள இருக்கியே, அப்புறம் எதுக்கு மறுபடி உள்ள போகணும்?" என்று கேட்டுவிட்டு, காவலாளி கேட்டைச் சாத்தினார்.

அரங்கில் குழுத் தலைவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் வெள்ளை மனசுக்காரர். திடீரென்று கண் கலங்கிவிட்டது.

"நாற்பத்தேழு பெண்கள்! ஒருத்தர்கூட ஒரு நாள் லீவு போடலை! இவங்கள்ல ஒருத்தியைக் கூப்பிடுங்க. பதக்கத்தை அந்தப் பொண்ணு கழுத்துலதான் போடுவேன்."

முதல்வரின் பார்வை அரங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புள்ளியின் மேல் இறங்கியது. கண்காணிப்பாளர் அவள் காதில், "அன்னைக்கு வந்தாளே, அவ பேர்ல மேடை ஏறிடு. எது கேட்டாலும் சிரி. அடுத்த மாசம் உன் வேலையை நீட்டிக்கணும், ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

ஒலிபெருக்கி வாசல்வரை கட்டியிருந்தது. வந்தவளின் பெயர், அப்பா பெயரோடு, கணீரென்று ஒலித்தது. அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் பதக்கம் புள்ளியின் கழுத்தில் விழுந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. தலைவர் மைக்கை நீட்டினார்.

"சொல்லும்மா. மூணு வருஷம், ஒரு நாள்கூட விடாம! என்ன ரகசியம்? மத்த பொண்ணுங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

புள்ளி சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. வேறொன்று வாய்வரை வந்தது. தண்ணீர் பாட்டில் அலுவலக மேசையிலேயே இருந்தது.

"அவளை ஒரு நாள்கூட உள்ள விடலை சார். அதுதான் ரகசியம். இப்பவும் கேட்டுக்கு வெளியிலதான் நிக்கிறா."

ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. அது பித்தளைத் தகட்டுக்கு வெளிப்புறமிருந்து வந்தது.