காரியதரிசி ஐயாவின் குடை

ஏழையாக இருப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எங்கள் குடும்பம் யாரிடமும் பயிற்சி பெறாமலே தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவந்திருக்கிறது. நாம் ஏழை என்று இன்னொருவரை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பரீட்சையில் நான் தோற்ற மாதிரி ராயபுரத்தில் வேறு யாரும் தோற்றிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புத் தேறி, பெண்கள் கல்லூரி ஒன்றில் எனக்கு இடமும் கிடைத்திருந்த வருஷம் அது. இடம் கிடைத்ததே தவிர, சம்பளம் கட்ட வழி கிடைக்கவில்லை. என் அப்பா சவரிமுத்துவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. கப்பல் வந்தால் எங்கள் அடுப்பு எரியும். வராவிட்டால் அதுவும் ஓய்வெடுத்துக்கொள்ளும். இந்த லட்சணத்தில் மகளுக்கு இண்டர்மீடியட் கேட்கிறதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேர்ந்தே தீருவேன் என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டேன். (மெழுகுவத்தியும் கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கியதுதான். மாதா கோபித்துக்கொள்ளவில்லை.)

வசதியில்லாத பெண்களின் கல்லூரிச் சம்பளத்தையும் புத்தகச் செலவையும் பட்டணத்தில் ஒரு தர்ம சபை ஏற்றுக்கொள்கிறது என்று எங்கள் தலைமையாசிரியை சொன்னார். உடனே விண்ணப்பம் போட்டேன். சபையின் காரியதரிசி வேதாசலம் ஐயா ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார், அவருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் உதவி என்று பதில் வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தாராளமாக வந்து பார்க்கட்டுமே. பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்பதுதானே என்னுடைய பலம். இருந்தாலும் விதியை நம்பி விடுகிற ஆள் நான் இல்லை. இருந்த ஒரே நல்ல பாயைச் சுருட்டி ஒளித்துவைத்து, கிழிந்ததை எடுத்து நடுவில் விரித்தேன். வாய் உடைந்த பானையை வாசலுக்குக் கொண்டுவந்தேன். தாவணியில் ஒட்டுப்போட்ட பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டேன். நாடகக் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் அப்போதே வேலை கொடுத்திருப்பான்.

"அம்மா, நீ ஒண்ணும் செய்யாதே. எப்படிக் கீதோ அப்படியே கெடக்கட்டும்" என்றேன்.

"வர்றவரு எதுல குந்துவாரு?" என்றாள் அம்மா.

"தரையிலதான். வேற எங்க?"

அம்மா பதில் சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம் செய்துகொள்கிற வயது எனக்கு. நிம்மதியாக டிராம் நிற்கிற இடத்துக்குப் போனேன்.

வேதாசலம் ஐயா ஒல்லியாக, வெள்ளைத் தலைப்பாகையும் கறுப்புக் குடையுமாக இறங்கினார். நல்ல வெயில். குடையைப் பிரித்துக்கொண்டு நடந்தார். நான் பக்கத்தில் வெயிலிலேயே நடந்தேன். (நிழலுக்குள் வா என்றுதான் கூப்பிட்டார். ஏழை வெயிலில் நடப்பதுதான் பொருத்தம் என்று மறுத்துவிட்டேன்.) அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஐயா, எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது."

"அதனால என்னம்மா."

"கடிகாரம் கிடையாது. கோயில் மணி அடித்தால்தான் எங்களுக்கு நேரம் தெரியும்."

"ம்."

"அப்பாவுக்குப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல சட்டை கிடையாது. அம்மா பட்டுப்புடவை கட்டி நான் பார்த்ததே இல்லை."

"அடடா" என்றார். அந்த 'அடடா'விலேயே முதல் வருஷச் சம்பளம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பினேன்.

வாசலில் பானையைக் காணோம். பெரிய மாக்கோலம் ஒன்று போட்டிருந்தது. உள்ளே நடுக்கூடத்தில், சாய்ந்துகொள்ளத் தலைக்கு மெத்தை வைத்த உயரமான நாற்காலி ஒன்று ராஜா மாதிரி நின்றது. சுவரில் கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா மயில்கழுத்துப் பட்டுப்புடவையில் கைகூப்பி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் பித்தளைப் பொத்தான்களும் தோளில் சரிகையும் வைத்த சிவப்புக் கோட்டு ஒன்று நின்றது. உற்றுப் பார்த்தேன். அதற்குள் என் அப்பா இருந்தார்.

எங்கள் சந்தின் சட்டம் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் தேவை. ஒரு வீட்டுக்கு வருகிற விருந்தாளி சந்துக்கே விருந்தாளி. பெண் பார்க்க யாராவது வந்தால், கோயில் பாண்டில் கிளாரினெட் வாசிக்கிற மைக்கேல் அண்ணன் வீட்டுக் கடிகாரம் அந்த வீட்டுச் சுவருக்குக் குடிபோகும். கூடவே அவருடைய பாண்டுக் கோட்டும் போகும். நாவிதர் கோவிந்தனின் கடை நாற்காலி நடுக்கூடத்துக்கு வரும். மீன் வியாபாரம் செய்கிற ராஜம்மா அக்காவின் ஒரே பட்டுப்புடவை வந்து சேரும். சந்தில் எந்தப் பெண்ணைப் பார்க்க வந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பது அதே கடிகாரத்தைத்தான். இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. இரவல் கொடுத்தவர் செத்தாலும் அது தன்னுடையது என்று சொல்லக்கூடாது. பாவங்களை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம்கூட எங்கள் ஆட்கள் அதைச் சொன்னதில்லை.

பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று தண்ணீர்க் குழாயடியில் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். நான் டிராமுக்குப் போய் வருவதற்குள் சந்து தன் கடமையை முடித்துவிட்டது.

வேதாசலம் ஐயா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, குடையை மூலையில் சாத்தினார். சாய்ந்தபோது சவரச் சோப்பு வாசனை அடித்தது. அவர் நாற்காலியின் கையை விரலால் தடவி, விரலைப் பார்த்துவிட்டு, துடைத்துக்கொண்டார். அப்புறம் அப்பாவின் கோட்டைப் பார்த்தார்.

"நீங்க பட்டாளத்துல இருந்தீங்களா?"

எது கேட்டாலும் தலையாட்டு என்று அப்பாவுக்கு அம்மாவின் உத்தரவு. தலையாட்டினார். அந்தக் கணத்தில் நான் பென்ஷன் வாங்கும் பட்டாளத்தாரின் மகளானேன். அதைக் கொண்டாடுவது போல மைக்கேல் அண்ணனின் கடிகாரம் நேரத்துக்குச் சம்பந்தமில்லாமல் அடித்து ஓய்ந்தது.

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஐயா, இதில் எதுவுமே எங்களுடையது இல்லை. எல்லாம் இரவல்" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற கூட்டம் என்னை யூதாஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தது.

ஐயா அவர்கள் பக்கம் திரும்பினார். "இந்தக் கடிகாரம் யாருது?"

"சவுரிமுத்து அண்ணாத்தேதுதாங்க" என்றார் மைக்கேல் அண்ணன். "நான் பொறக்கறதுக்கு மின்னாடிலேர்ந்தே இங்கதான் மாட்டிகீது." அப்போதுதான் அடித்த ஆணிக்குக் கீழே சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது.

"இந்தப் பொடவ அவங்க கல்யாணத்துக்கு எடுத்ததுங்க. நான்தான் கூட போயிருந்தேன்" என்றாள் ராஜம்மா அக்கா. அம்மாவின் கல்யாணத்தின்போது ராஜம்மா அக்காவுக்குத் தொட்டில் வயது.

கோவிந்தன் ஒரு படி மேலே போனார். "இந்த வூட்ட ஏழ வூடுன்னு எவன் சொன்னான்? இட்டுகினு வாங்க அவன, நான் கேக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

வேதாசலம் ஐயா எழுந்துவிட்டார். "குழந்தே, எங்க சபை வசதியில்லாதவங்களுக்கு. உங்களுக்கு ஆண்டவன் குறையில்லாமக் குடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் அம்மாவிடம் பாய்ந்தேன். "ஒரு நாற்காலிக்கு என் படிப்ப வித்துட்டியே."

"வந்த மனுசன தரையில குந்த வெச்சு, எங்க வூட்ல ஒண்ணியும் இல்லன்னு தொறந்து காட்டி வாங்கணுமா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "எனுக்கு மானம் கீதுடி."

அவள் பேரில் எனக்கு அப்போது வந்த கோபம் பிற்பாடு வேறு யார் பேரிலும் வந்ததில்லை. ஆனால் நின்று அழ நேரமில்லை. அந்த மனிதர் டிராம் ஏறிவிட்டால் என் கல்லூரியும் அவரோடு ஏறிப் போய்விடும். ஓடினேன்.

எங்கள் ரயில்வேக்காரர்கள் என்றைக்கும் இல்லாத புண்ணியமாக அன்று டிராமுக்குப் போகிற வழியிலிருந்த கேட்டை மூடிவைத்திருந்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஐயா தலைப்பாகைமேல் கையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். நான் மூச்சுவிடாமல் பேசினேன். நாற்காலியின் சரித்திரம், கோட்டின் சரித்திரம், புடவையின் சரித்திரம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கள் உதவி செய்யாவிட்டால் நான் இந்தக் கேட்டைவிட்டு நகரமாட்டேன்" என்றும் சொன்னேன். (கேட்டுக்காரர் ஒருமாதிரியாகப் பார்த்தார்.)

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடைய உங்க வீட்லயே விட்டுட்டேன் போலிருக்கே" என்றார் அவர்.

"நான் ஓடிப் போய் எடுத்து வருகிறேன் ஐயா."

"வேண்டாம், நானும் வரேன். மெதுவா நட."

வரும்போது வேகமாக நடந்தவர் இப்போது ஊர்வலத்தில் சப்பரம் நகர்கிற மாதிரி நடந்தார். சந்து முனையில் முதலில் எதிர்ப்பட்டது அந்த நாற்காலிதான். கோவிந்தனின் தலைமேல் கவிழ்ந்து வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஆட்கள் தாடியோடு காத்திருந்தார்கள்.

"நாற்காலி எங்க போகுது?" என்று கேட்டார் ஐயா.

கோவிந்தன் தடுமாறவே இல்லை. "ரிப்பேருக்குங்க."

அடுத்து ராஜம்மா அக்கா, மடித்த பட்டுப்புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். "சாயம் போடத் தர்றாங்க" என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் மைக்கேல் அண்ணன், சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் கடிகாரத்தை இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். அன்று ஒரு சாவுக்கு பாண்டு வாசிக்கப் போகவேண்டும். எங்களைப் பார்த்ததும் நின்றார். கக்கத்துக்குள்ளிருந்து கடிகாரம் டங் என்று அடித்தது.

"இதுவும் ரிப்பேரா?"

"ஆமாங்க. கண்ட நேரத்துல அடிக்குது பாருங்க."

"கோட்டு?"

மைக்கேல் அண்ணன் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். "கையில எடுத்துகினு போனா கசங்கிடுமேன்னு போட்டுகினு போறேங்க. அண்ணாத்தே கோட்டு."

ஐயா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

வீட்டில் அப்பா வெற்றுடம்போடு ஆணி அடித்த ஓட்டையில் சுண்ணாம்பை அப்பிக்கொண்டிருந்தார். அம்மா தன் பழைய புடவையில், கிழிந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் வீட்டில் இல்லை. ஐயாவைக் கண்டதும் அம்மா முந்தானையின் கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். காலையிலிருந்து நான் காட்ட நினைத்தது இதைத்தான். கண்ணெதிரே பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரைத் திரும்ப அழைத்து வந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

வேதாசலம் ஐயா யாரும் சொல்லாமலே அந்தப் பாயில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். அம்மா நசுங்கிய பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கி, நிறையத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். அப்புறம் என்னிடம், "காலேஜ் எப்பம்மா திறக்கறாங்க?" என்று கேட்டார். அம்மாதான் முதலில் அழுதாள்.

குடையைத்தான் கடைசிவரை காணோம். இரவல் சாமான்களைச் சந்து அள்ளிய வேகத்தில் மூலையிலிருந்த குடையும் சேர்ந்து போயிருக்கிறது. கோவிந்தனைக் கேட்டால், "கறுப்புக் குடைங்களா? அது சவுரிமுத்து வூட்டுதாச்சே" என்று சாதித்தார். ஐயா வெயிலிலேயே டிராமுக்கு நடந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஆள் வந்தபோது, மைக்கேல் அண்ணனின் கடிகாரத்துக்குக் கீழே அந்தக் குடையும் கம்பீரமாகச் சாத்தியிருந்தது. சந்துச் சட்டப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஐயா விசாரணைக்கு வந்தார். அம்மாவுக்கும் எனக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நாற்காலி மட்டும் வரலாம், கடிகாரமும் கோட்டும் கூடாது. அவர் அந்த நாற்காலியில் ஒருதரம் உட்கார்ந்து அம்மாவைத் திருப்திப்படுத்திவிட்டு, பிறகு கீழே இறங்கிப் பாயில் உட்காருவார்.

நான் படித்து வாத்தியாரம்மா ஆகி வருஷங்கள் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த வெயிலில், படியிறங்குகிற மனிதர் குடையை மறப்பாரா? கேட்பதற்கு அவர் அப்போது இல்லை.

இப்போது அதே மாதிரி உதவிகளுக்கு வீடு பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்புகிறார்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எத்தனையோ வீடுகளுக்குப் போகிறேன். எல்லா வீட்டிலும் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் புகழ்ந்து, காப்பி குடித்துவிட்டு, குடையை மூலையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறேன். தெருமுனைவரை போய்க் குடைக்காகத் திரும்புகிறேன். பாதி நேரம் எனக்குக் குடை கிடைப்பதில்லை.

ஆகவே மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் குடை என்பதே இருக்காது. என் மகன் தொப்பலாக நனைந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே இன்றைக்கும் கேட்கிறான்:

"இந்த வாட்டி காலேஜ்ல யாரும்மா சேந்துகினது?"