அண்டோராவுக்கு வழி சொல்பவர்

மனிதர்களில் போகாத பயணி என்றொரு ரகம் உண்டு. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி பாவம், வீட்டில் கிடந்து உறங்குவான். யாருக்கும் உபத்திரவம் இல்லை. போகாத பயணி உறங்கமாட்டார். விடியுமுன் எழுந்து, கட்டன்சாயாவோடு கைப்பேசியைத் திறந்து, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இன்று எவ்வளவு குளிர் என்று பார்த்து, அந்தக் குளிருக்காக இங்கே புழுக்கத்தில் உட்கார்ந்து ஒருதடவை சிலிர்த்து, அங்கே எந்த ஹோட்டலில் காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்த்தி, எந்த ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், எதைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய் தெரியும் என்பதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, பத்திரிகைக்காரன் வருகிற நேரத்தில் நாள் முழுக்க ஊர் சுற்றிய களைப்போடு நாற்காலியில் சாய்ந்திருப்பார். போனாரா? இல்லை. போவாரா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எல்லா ஊரிலும் இந்தப் பதவிக்கு ஓர் ஆள் இருப்பார். எங்கள் பக்கத்தில், அதாவது கேரள-தமிழ்நாட்டு எல்லையில் பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் இடையில், அதை வகிப்பவர் பொன்னப்பன் சார். குடிநீர்த் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட குழாய்களில் இன்றைக்கும் பல, தண்ணீர் வருவதற்குத் தயாராக இருக்கின்றன.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. போகிற நாடு சின்னதாக இருக்கவேண்டும். நம்மவர் யாரும் அங்கே கால் வைத்திருக்கக் கூடாது. முதலில் பூட்டானைத்தான் தேர்ந்தெடுத்தார். ஒரு வருடம் படித்தார். அதற்குள் நெய்யாற்றின்கரைப் பல் டாக்டர் குடும்பத்தோடு பூட்டான் போய், மலை விளிம்பில் பல்லெல்லாம் தெரிய நின்ற படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். பூட்டான் அன்றோடு முடிந்தது. அடுத்து ஜார்ஜியா. பாறசாலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற சானு, ஒரு கல்யாண ஜோடியைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜியா போய்ப் படம் பிடித்து வந்தான். "சானுவே போயாச்சு. பின்ன நான் அங்க என்னத்துக்கு?" என்று கேட்டார் சார். இப்படி அவர் கைவிட்ட நாடுகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கண்டம் தேறும்.

ஆனால் போய்வந்தவர்களைச் சும்மா விடமாட்டார். கல்யாண வீட்டில், போய்வந்தவன் பக்கத்து இலையில் தேடிப்பிடித்து உட்காருவார். பாவம் அந்த ஆள் அவியலைப் பிசைந்துகொண்டிருப்பான். "அந்தக் கோட்டைக்குப் பின்வாசல் வழியா ஏறினியளா?" என்று ஆரம்பிப்பார். "இல்ல சாறே, முன்வாசல்தான்." "அட கஷ்டமே! அப்போ நீங்க ஒண்ணும் பாக்கல்ல." போய்ப் பார்த்தவன் ஒன்றும் பார்க்கவில்லை, போகாத தான் எல்லாம் பார்த்தாயிற்று என்று நிறுவிய பிறகுதான் அவருக்குப் பாயசம் இறங்கும். இத்தனைக்கும் செங்கல் என்கிற ஊரின் மகேஸ்வரம் கோயில், அவர் வீட்டிலிருந்து ஓர் ஆட்டோ தூரம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வண்டி பிடித்து வந்து பார்க்கிறார்கள். சார் பார்த்ததில்லை. "அது எங்க போகப்போவுது? எப்ப வேணும்னாலும் பாக்கலாமே."

கடைசியில் அண்டோரா சிக்கியது. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில், மலைகளுக்குள் ஒளிந்திருக்கிற ஒரு கைப்பிடி நாடு. பனச்சமூட்டில் ராஜதாஸின் சாயாக்கடையில் வைத்து அதை முதன்முதலாக அறிவித்தார்.

"அங்க பிளேன் இறங்காது. ரயிலும் இல்ல" என்றார் பெருமையாக.

"பாறசாலையிலயே ரயில் உண்டே சாறே" என்றான் ராஜதாஸ். "பின்ன அங்க உள்ளவன் எப்படி வெளிய போவான்?"

"பஸ்ஸுல."

"அப்போ நம்ம வெள்ளறட ஊரு மாதிரியாக்கும்" என்று சொல்லிவிட்டு ராஜதாஸ் பால் ஆற்றப் போய்விட்டான். சார் அவனை மன்னித்தார். அன்றிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்து, "போன் தியா" என்று கும்பிட ஆரம்பித்தார். அண்டோரா பாஷையில் அது காலை வணக்கமாம். பதிலுக்கு எங்கள் ஊர்க்காரர்கள், "சுகந்தானே சாறே? மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கியளா?" என்று விசாரித்தார்கள்.

இனி, சிரிப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த ரகத்தின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவேண்டும். அங்கே பிரேமகுமாரி அக்கா இருக்கிறார், சாரின் மனைவி. அங்கன்வாடியில் டீச்சராக இருந்தவர். படப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கும். நடுவில் ஒரு பென்குவின் நிற்கும். "இந்த வெள்ள என்ன டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கும். "மஞ்ஞு மக்களே. ஐஸு." "தொட்டா எப்படி இருக்கும்?" அதற்குத்தான் அக்காவிடம் பதில் இல்லை. வேலையிலிருந்து இறங்குகிறவரை இல்லை. தொட்டுப் பார்க்காததைச் சொல்லிக்கொடுத்தோமே என்று ஒரு குறை அவருக்கு உள்ளுக்குள் கிடந்தது. ஒரே ஒருதடவை அதைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். வேறு கோட்டையும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம். அதற்கென்று திருவனந்தபுரம் கண்காட்சியில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி, கடைச் சீட்டுகூடக் கழற்றாமல், பாச்சா உருண்டை போட்டு அலமாரியில் வைத்திருந்தார். ஸ்வெட்டர் பூட்டானைப் பார்த்தது, ஜார்ஜியாவைப் பார்த்தது. அலமாரியை விட்டு இறங்கவில்லை. இதற்கிடையில் அக்காவின் கால்முட்டு மக்கர் பண்ண ஆரம்பித்தது. "அடுத்த வருசம் ஆப்பரேஷன் செய்தே ஆகணும். அதுக்குப் பிறகு ஏற்றம் இறக்கமெல்லாம் மறந்துருங்க" என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. "இந்தக் குளிருக்குப் போவல்லன்னா நான் பின்ன கேக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் தெரியும். துபாயிலிருந்து மகன் அனூஜ் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். பக்கத்து வீட்டு ரத்னபாயும் சேர்ந்துகொண்டார். மிஷன் சபைக்காரர், விதவை, மஸ்கட்டில் நர்ஸாக இருந்தவர். அண்டோராவுக்கு இரண்டு தலைவர்கள், அதில் ஒருவர் பிஷப் என்று சார் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பிஷப்பே ராஜாவா? அப்போ அங்க சபைத் தேர்தல்ல யாரும் அடிச்சிக்கிட மாட்டாவளா?" என்று கேட்டார். சாரின் ஆராய்ச்சியில் அந்த விவரம் இல்லை.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். எல்லை என்றால் எங்களுக்குப் பயபக்தி கிடையாது. கேரளத்தில் உறங்கி எழுந்து, தமிழ்நாட்டில் பெட்ரோல் அடித்து, கேரளத்தில் மீன் பேரம் பேசி, படியாவிட்டால் ரோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டு மீனை வாங்கி, திரும்பக் கேரளத்தில் வைத்துக் குழம்பு வைக்கிறவர்கள் நாங்கள். எந்தப் பக்கம் எது லாபம் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். பொன்னப்பன் சாரின் திட்டமும் இந்த ஞானத்தில் பிறந்ததுதான். அண்டோராவில் ஹோட்டல் வாடகை கொள்ளை. ஆகவே ஸ்பெயின் பக்கத்து மலையடிவார ஊரில் தங்குவது; தினமும் காலையில் பஸ் ஏறி அண்டோரா போய் ஊர் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஸ்பெயினுக்குத் திரும்பி வந்து உறங்குவது. எத்தனை தடவை நுழைவீர்கள் என்று ஸ்பெயின் விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. சார் யோசிக்கவேயில்லை. ஒருதடவை என்று போட்டார். ஒரு பயணம், ஒருதடவை. ரோடு தாண்டுவதையெல்லாம் எவனாவது எண்ணுவானா?

எண்ணுவான்.

கொச்சி விசா மையத்திலிருந்து பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்த அன்று மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அக்கா ஸ்வெட்டரையும் எடுத்து மடியில் வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விசாவை அங்கன்வாடிப் புத்தகம்போல எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"கேட்டியளா, இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கே. ஒரு தடவ உள்ள போலாம்னாக்கும் அர்த்தம்?"

"ஆமா. ஒரு தடவதானே போறோம்."

"டெய்லி அந்த நாட்டுக்குப் போயிட்டு வரணும்னு சொன்னியளே. போனா, திரும்பி ஸ்பெயினுக்குள்ள எப்படி வாறது?"

"எடி, அது நம்ம பனச்சமூடு மாதிரியாக்கும். இந்தாண்ட ஒரு கால், அந்தாண்ட ஒரு கால்."

"சாறே, அவனுக்குப் பனச்சமூடு தெரியுமா?" என்று கேட்டார் ரத்னபாய்.

சார் கைப்பேசியை எடுத்தார். தட்டினார், தள்ளினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினார். விஷயம் விளங்கியது. அண்டோரா தனிக் கணக்கு. ஸ்பெயினிலிருந்து அதற்குள் போனால், வெளியே போனதாகத்தான் அர்த்தம். திரும்பி உள்ளே வர இன்னொரு அனுமதி வேண்டும். ஊருக்கு வரவேண்டிய விமானமோ ஸ்பெயினில் நிற்கும். சுருக்கமாகச் சொன்னால், சாரின் திட்டப்படி அண்டோராவுக்குப் போகலாம். வரத்தான் முடியாது.

இப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். இடிந்துபோனார் என்று நினைப்பீர்கள். கிடையாது. அழுதுகொண்டு வருகிற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, இன்றைக்கு லீவு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நிம்மதி. "சாரமில்ல, போவட்டும்" என்றார். "அடுத்த வருசம் கிளீனா பிளான் பண்ணுவோம். ஒரு கணக்குல பாத்தா இது நல்லதுக்குத்தான். லிச்சென்ஸ்டைன்னு ஒரு நாடு உண்டு, கேள்விப்பட்டிருக்கியளா? அண்டோராவைவிடச் சின்னது." குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. விரல் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தது.

பிரேமகுமாரி அக்கா அந்த நிம்மதியைப் பார்த்துவிட்டார். அத்தனை வருடம் புரியாதது அந்த ஒரு நொடியில் புரிந்தது. நெஞ்சு எரிந்தது என்று பிற்பாடு ரத்னபாயிடம் சொன்னாராம். அப்போது, மடியிலிருந்த ஸ்வெட்டரின் கடைச் சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அந்த மலைக்கு இந்தப் பக்கம் ஸ்பெயின்தானே?"

"ஆமா, அதுக்கு?"

"பனச்சமூட்டுல மழ பெஞ்சா கேரளம் மட்டுமா நனையும்? மஞ்ஞு இந்தப் பக்கமும் விழும்லா?"

"விழும், விழும். ஆனா ஸ்பெயினுக்கு எல்லாவனும் போயாச்சுடி!"

"எல்லாவனும் போயாச்சு. நான் போகல்லியே."

ரத்னபாய் எழுந்தார். "வா மக்கா, எனக்கும் ஒரு சால்வ எடுக்கணும்" என்று அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஸ்பெயினுக்குப் போயேவிட்டார்கள், இரண்டு பேரும். சார் போகவில்லை. பிழையான திட்டத்தோடு ஒரு நாட்டுக்குள் நுழைய அவருடைய மனசாட்சி இடம்கொடுக்கவில்லை.

போனவர்களிடமிருந்து கொஞ்ச நாளில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு மலைச்சரிவு. நடுவில் சிவப்பு ஸ்வெட்டரோடு பிரேமகுமாரி அக்கா. இரண்டு கையிலும் பனியை அள்ளி வைத்திருக்கிறார். "பாருங்க, பாருங்க, கையில எடுத்தாச்சு! சுடுது! மக்களே, இது சுடுதுடா!" என்று, பத்து வருடத்துக்கு முந்தைய பிள்ளைகளுக்கு இப்போது பதில் சொல்கிறார். சிரிக்கிறார், கண்ணீர் வழிகிறது, மூக்கைத் துடைக்கக் கை ஒழியவில்லை. படம் பிடிக்கிற ரத்னபாயும் விசும்புகிற சத்தம் கேட்கிறது.

பொன்னப்பன் சார் உடனே குரல்பதிவு அனுப்பினார். "அங்க நிக்காத. வலத்த பக்கம் திரும்பி நேரே நட. வளைவு தாண்டினா பஸ் ஸ்டாப்பு உண்டு. பின்வாசல் வழியா ஏறு." அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்று சாயாக்கடையில் அந்த வீடியோவை எல்லாருக்கும் காட்டினார். நானும் இருந்தேன். ஓட்டிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்தி, அக்காவின் தலைக்கு மேலே, பனிமூட்டத்தில் ஒன்றுமே தெரியாத ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இந்த மலைக்கு அந்தப் பக்கம், இந்தா, தெரியாம இருக்குல்லா? அதாக்கும் அண்டோரா."

ராஜதாஸ் உற்றுப் பார்த்தான். "கொள்ளாம் சாறே. நல்ல நாடு" என்றான். சாரின் விரலுக்கு அடியில் அக்காவின் முகம் பாதி மறைந்திருந்தது. அந்தப் பாதியும் சிரித்துக்கொண்டிருந்தது.

சரி, சிரித்தது போதும். உள்ளதைச் சொல்லுங்கள். இதைப் படிக்கிறபோது நடுவில் நிறுத்தி, அண்டோரா எங்கே கிடக்கிறதென்று கைப்பேசியில் பார்த்தீர்களா, இல்லையா? பார்த்ததோடு விடாமல், எந்த மாதத்தில் கூட்டம் குறைவு என்று கொஞ்சம் கீழே தள்ளியும் பார்த்தீர்களா? பதறவேண்டாம், எல்லாருக்கும் ஆரம்பம் இப்படித்தான். எழுந்து போய் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கடைச் சீட்டு கழற்றாத ஸ்வெட்டர் ஒன்று பாச்சா உருண்டை வாசத்தோடு மடித்து இருந்தால், நீங்கள் எந்த ரகம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது. ஸ்வெட்டர் அங்கே இல்லையென்றால், அலமாரியைச் சாத்திவிட்டு, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள்.