மாமனாரின் காருக்குள் ஒரு குரங்கு

காட்டைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவனோடு காட்டுக்குப் போகக் கூடாது. அவன் மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால், வீட்டை விட்டே கிளம்பக் கூடாது.

கல்யாணமான புதிது. மாமனார் நாமக்கல்காரர். கொல்லிமலைக்குக் கோயில் கும்பிடப் போவார், வருவார், அவ்வளவுதான். சென்னையிலிருந்து போன நான் சும்மா இருந்தேனா? அங்கே கரடி இருக்கிறது, மான் இருக்கிறது, இதையெல்லாம் பார்க்காமல் என்ன வாழ்க்கை என்று அவருக்கே பாடம் எடுத்தேன். என் தொல்லை பொறுக்காமல், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத தன் புதுக் காரின் சாவியைக் கொடுத்தார். (கொடுத்த கையோடு போய்க் காருக்குத் திருஷ்டி கழித்ததாக என் மனைவி கவிதா பிற்பாடு சொன்னாள்.)

மூவருமாகக் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் நான் வளைவுக்கு வளைவு காரை நிறுத்தினேன். உடம்பில் இலைதழை போட்ட சட்டை, கழுத்தில் பைனாகுலர். கரடிதான் வரவில்லை. மாமனார் ஒவ்வொரு முறையும் இறங்கி, "இங்கீங்களா மாப்ள?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

ஒரு வளைவில் புதர் அசைந்தது. இன்ஜினையும் நிறுத்தாமல், கதவையும் மூடாமல் குதித்து ஓடினேன். மாமனாரும் கவிதாவும் பின்னாலேயே வந்தார்கள். புதரில் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால், டிரைவர் சீட்டில் தாட்டியான ஒரு குரங்கு.

விரட்டியிருக்கலாம். நான் ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தினேன். (ஏன் என்று எனக்கே தெரியாது. பிடித்துவிட்டோம் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.) மிரண்டுபோன குரங்கு உள்ளே தாவிய தாவலில் எதிலோ கை பட்டு, எல்லாக் கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. ஏசியும் அதற்கே.

முதலில் பிளாஸ்டிக் உறை கிழிந்தது. மாமனார் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். அடுத்து, கட்டி வந்த புளிசோறு காரெங்கும் இறைந்தது. அப்புறம் அதற்கு ஹாரன் பிடித்துப்போயிற்று. மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரிலிருந்து இறங்கி வந்த பஸ், நாங்கள் வழி கேட்பதாக நினைத்து ஒதுங்கி நின்றது. ஜன்னல்தோறும் தலைகள்.

கண்டக்டர் இறங்கி வந்து, "ஏனுங்க, வண்டி ஆருதுங்க?" என்றார்.

"அவருதுங்க" என்று மாமனார் என்னைக் காட்டினார்.

கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று பஸ் டிரைவர் ஸ்பேனரோடு வந்தார். மாமனார் இரண்டு கையையும் விரித்துக் காரை மறித்து நின்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து, கைகூப்பி, "சாமி, கதவைக் கொஞ்சம் திறங்க சாமி" என்று குரங்கிடம் கெஞ்சினேன். பஸ்ஸே சிரித்தது.

"எங்கிட்ட ஒரு நாளாவது இப்படி மருவாதியாப் பேசியிருப்பீங்களா?" என்றாள் கவிதா.

கடைசியில் அதன் கால் எந்தப் பொத்தானை மிதித்ததோ, கண்ணாடி தானாக இறங்கியது. டிபன் டப்பாவோடு அது நிதானமாக வெளியேறி மரமேறியது. டிரைவர் சீட்டில் அது விட்டுச்சென்றதைப் பற்றி எழுத விரும்பவில்லை. அதன்மேல் செய்தித்தாளை விரித்து, நான்தான் உட்கார்ந்து ஓட்டி வந்தேன்.

அந்தக் கார் இப்போது பழசாகிவிட்டது. சாவி இன்னும் என் கைக்கு வரவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு யார் வந்து கொல்லிமலைப் பேச்செடுத்தாலும், அங்கே மிருகம் ஏதாவது கண்ணில் படுமா என்று கேட்டாலும், மாமனார் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறார்:

"நாங்க ரெண்டு பார்த்தமுங்க. ஒண்ணு காருக்குள்ள ஒக்காந்திருந்துச்சு. இன்னொண்ணு வெளிய நின்னு அதுங்கிட்ட கெஞ்சிட்டிருந்துச்சு."