டோபமினும் பச்சைக் குடமும்

12.6.2003

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து வல்லரசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் உடம்பு நலம். மூளை நலமா என்பதைத் தங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"கல்யாணமாகிப் பதினாறு வருஷம். மனைவிக்கு ஆறு மாதமாக அந்த ஆசையே இல்லை, டானிக் உண்டா?" என்று போன மாதம் தங்கள் பத்திரிகையின் டாக்டர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதிக் கேட்டிருந்தேன். "ஆசை பிறக்கிற இடம் மூளை. கவலையில் கிடக்கிற மூளையில் டோபமின் என்கிற ரசாயனம் ஒழுங்காகச் சுரக்காது. எதிர்பாராத சின்னச் சின்ன சந்தோஷங்களைக் கொடுங்கள்" என்று தங்கள் டாக்டர் பதில் போட்டார். பெரிய படிப்பு படித்தவர். அவருக்குத் தண்ணீர் லாரி தெரிந்திருக்க நியாயமில்லை.

எங்கள் பிளாக்குக்கு இரண்டு நாளைக்கு ஒரு லாரி. வரிசையில் ஆள் நிற்பதில்லை, அவரவர் குடம்தான் நிற்கும். என் மனைவி ராஜாத்தியின் குடம் பச்சை, விளிம்பு உடைந்தது, எட்டாவது இடம். அவள் கவலையே அந்தக் குடம்தான் என்று எனக்குப் பட்டது. வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு சிவப்புக் குடம் வாங்கி, அவளுக்குத் தெரியாமல் அதே இடத்தில் வைத்து, பச்சையைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, டோபமின் சுரக்கட்டும் என்று முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். லாரி வந்தது. வரிசைக்கு அதிகாரி எதிர்வீட்டு எல்சி. "இன்னாது இது, யாரு வூட்டுக் கொடம்? நடுவுல பூந்துகினு கீது!" என்று சிவப்பை உருட்டிவிட்டார். ராஜாத்தி பச்சையைத் தேடுகிறாள், தேடுகிறாள், அதற்குள் லாரி காலி. வெறுங்கையோடு மேலே வந்தவளிடம், "எப்டி கீது சர்ப்ரைஸு?" என்றேன். "யோவ், உனக்கு மூளை கீதா?" என்றாள். ஆக, கோளாறு மூளையில்தான் என்பதில் அவளும் டாக்டரும் ஒரே கட்சி.

நான்கு நாளாகப் பேச்சில்லை. எல்சியிடம் கெஞ்சிச் சிவப்புக் குடத்தை அதே எட்டாவது இடத்தில் வைத்து, மணலியில் ஷிப்டு முடிந்ததும் அதன் பக்கத்தில் நானே காவல் நிற்கிறேன், பிளாக்கே சிரிக்கிறது. டானிக்கும் வேண்டாம், ஆசையும் வேண்டாம். அவள் பழையபடி என்னைத் திட்டினாலே போதும். அவள் பேசாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை அய்யா. இதைப் பெயரோடு போட்டு, டாக்டரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும்.

தங்கள் வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும். டாக்டர் வீட்டு அம்மாவின் டோபமினையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வல்லரசு, ஃபிட்டர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ராஜாத்தி பிடுங்கிப் படித்துவிட்டாள். "யோவ், இத்த போயி பத்திரிகைக்காரனுக்கு எய்துனியே, என்னாண்ட சொன்னா இன்னா?" என்று சிரித்தாள். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. ஆகவே டாக்டரை விட்டுவிடவும், கடிதத்தைப் போட வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கீழே லாரி வந்து ஹாரன் அடிக்கிறது, எங்கள் சிவப்புக் குடம் எட்டாவது இடத்தில் தனியாக நிற்கிறது. ராஜாத்தி கதவைத் தாழ்போட்டுவிட்டாள்.