விற்றவர் உள்ளே, வாங்கியவர் வராந்தாவில்

வீடு வாங்குவது பெரிய காரியம் என்று எல்லாரும் சொல்வார்கள். வாங்கிய வீட்டுக்குள் போவது அதைவிடப் பெரிய காரியம் என்று யாரும் சொல்வதில்லை. கடைத்தெருவில் மிஷின் போட்டிருந்த தையல்காரருக்கும் யாரும் சொல்லவில்லை.

அவருக்கு வீட்டை விற்றவர் ஓய்வுபெற்ற அதிகாரி. பணியிலிருந்த காலம் முழுக்க "எழுத்துல குடுங்க" என்று சொல்லியே ஊரை நடுங்கவைத்தவர். கூரை தீப்பிடித்தது என்று ஓடிவந்தவனிடமும் அதையேதான் சொன்னாராம். அதனால் அவருக்கு 'எழுத்துல சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பத்திரம் பதிவான கையோடு எழுத்துல சார் தையல்காரரின் தோளில் கை போட்டார். புது வீட்டில் கொஞ்சம் வேலை பாக்கி, நாலு நாள் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றார். தையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாமா என்று இழுத்தார்.

"என்ன தம்பி, நமக்குள்ள எழுத்து எதுக்கு?"

அந்த வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையா என்று தையல்காரர் உருகிப்போனார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் மாசமாக இருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாததை உங்ககிட்ட சொன்னாரா? அப்ப நல்லா மாட்டிக்கிட்டீங்க" என்றாள்.

நாலு நாள் என்பது ரப்பர் மாதிரி நீண்டது. அதற்குள் வாடகை வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கட்டிலும் தையல் மிஷினும் நிறைமாத மனைவியுமாகத் தையல்காரர் சொந்த வீட்டு வராந்தாவில் குடியேறினார். எழுத்துல சாரின் சம்சாரம் நல்ல மனசுக்காரி. ஜன்னல் கம்பி வழியாக டீ நீட்டினார்.

"கூச்சப்படாதேம்மா. உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ."

அன்று மனைவி ஒன்றுதான் கேட்டாள். பிள்ளை சுவருக்கு அந்தப்பக்கம் பிறக்க வேண்டும், அவ்வளவுதான். தையல்காரர் நேரே குடியிருப்போர் குறைதீர்க்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்து கேட்டார்.

"மேற்படி நபர் வாடகைக்கு இருக்காரா?"

"இல்லைங்க."

"அப்ப வாடகைதாரர் இல்ல. காலி பண்ணச் சொல்ல முடியாது. அத்துமீறி உள்ள வந்தாரா?"

"அவர் முதல்லயிருந்தே உள்ளதாங்க இருக்கார்."

"உள்ள வராதவரை எப்படிய்யா வெளிய அனுப்புறது? வித்தவர் இருக்கக் கூடாதுன்னு விதி இல்ல. வாங்கினவர் இருந்தாகணும்னும் விதி இல்ல. ஆகமொத்தம் நீங்க ரெண்டு பேருமே சட்டப்படிதான் இருக்கீங்க. சந்தோஷமா போயிட்டு வாங்க."

வெளியே பெஞ்சில் ஒருவர் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். விசாரித்தால், அவர்தான் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரியாம். உள்ளே இருப்பவர் மாற்றலாகிவிட்டவர். நாலு நாள் நாற்காலியில் இருந்துகொள்கிறேன் என்றாராம். சக அதிகாரி, நமக்குள் எழுத்து எதற்கு என்று இவரும் விட்டுவிட்டாராம். தங்க இடமும் இல்லை, ஒரு வீடு வாங்கலாம் என்று பார்க்கிறாராம். தையல்காரருக்கு என்ன குறை என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காராமல் குறை கேட்பது முறையல்ல அல்லவா?

தையல்காரர் யோசித்தார். இந்த ஊரில் வாங்கியவனுக்கு வராந்தா, விற்றவனுக்கு வீடு. அப்படியென்றால் வீட்டுக்குள் போக ஒரே வழிதான் இருக்கிறது. மனசு கொஞ்சம் உறுத்தியது. நிறைமாத மனைவியை நினைத்ததும் உறுத்தல் அடங்கியது. பெஞ்சிலேயே பேச்சு முடிந்தது. வீட்டைப் பார்க்க வந்த புது அதிகாரி, உள்ளே இருப்பவர்களை விற்பவரின் சொந்தக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை.

பத்திரம் பதிவானதும் தையல்காரர் போய்க் கதவைத் தட்டினார். எழுத்துல சார் எட்டிப் பார்த்தார்.

"நீங்களும் வித்துட்டீங்களா?"

"ஆமா சார்."

"அதை முதல்லயே செஞ்சிருக்கலாமே தம்பி. உள்ள வாங்க. பின்னால ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

கட்டிலை உள்ளே தூக்கிப் போட்ட பிறகு, தையல்காரர் ரொம்ப நாளாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டார். உங்கள் புது வீடு என்னதான் ஆயிற்று?

எழுத்துல சார் குரலைத் தாழ்த்தினார். "அங்க வித்தவர் இன்னும் உள்ளதான் இருக்கார்."

"எழுத்துல வாங்கலையா சார்?"

"நமக்குள்ள எதுக்குன்னுட்டார்."

பிள்ளை அந்தப் பின்னறையில் பிறந்தது. சுவருக்கு உள்பக்கம்தான்.

சில நாள் கழித்து, புது அதிகாரி பெட்டியோடு வந்து வராந்தாவில் நின்றார். தையல்காரர் வெளியே போய் அவர் தோளில் கை போட்டார். நாலு நாள் என்றார். புது அதிகாரிக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இதற்கு எங்கே மனு கொடுப்பது என்று கேட்டார்.

தையல்காரர் நேர்மையாகவே யோசித்தார்.

"முறைப்படி பாத்தா உங்ககிட்டதான் சார் குடுக்கணும். நாற்காலி கிடைச்சதும் குடுங்க."

தையல்காரரின் மனைவி கைக்குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தாள். கம்பி வழியாக டீ நீட்டினாள்.

"நிக்காதீங்க சார், உக்காருங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."